செவி நரம்புக் கட்டிக்கு அறுவை சிகிச்சை இல்லாமல் ஸ்கேன் மட்டும் போதுமா?

அம்மாவின் செவி நரம்பில் 9 மில்லிமீட்டர் கட்டி இருக்கிறது; மருத்துவரோ ஆறு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம் என்கிறார், இது தட்டிக்கழிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இது முறையான சிகிச்சைத் திட்டம்தான்.

வெஸ்டிபுலர் ஷ்வன்னோமா எனப்படும் இந்தக் கட்டி புற்றுநோய் அல்ல. செவி நரம்பில், உடலின் சமநிலையைக் காக்கும் கிளையின் உறையிலிருந்து முளைக்கிறது. பல கட்டிகள் ஆண்டுக்கணக்கில் வளராமலே கிடக்கும். வளர்பவையும் பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர்தான். அறுவை சிகிச்சையிலோ, கேட்கும் திறனையும் முகநரம்பையும் இழக்கும் அபாயம் உண்டு. அதனால் பொறுத்திருப்பதில் நியாயம் இருக்கிறது.

முதல் ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு சில ஆண்டுகளுக்கு வருடம் ஒன்று, மாற்றம் இல்லையென்றால் இடைவெளி கூடும் என்பது பரவலான வழக்கம். 2 மில்லிமீட்டருக்கு மேல் கூடினால்தான் பொதுவாக வளர்ச்சி என்று கொள்வார்கள். அதற்குள் உள்ள வேறுபாடு அளவெடுப்பதிலேயே வந்துவிடும். ஆகவே முடிந்தவரை ஒரே மையத்தில், ஒரே முறையில் எடுங்கள். அறிக்கைத் தாளை மட்டுமல்ல, படங்கள் உள்ள சிடியையும் பத்திரப்படுத்துங்கள். சென்ற முறைப் படத்தோடு மட்டுமன்றி முதல் படத்தோடும் ஒப்பிடச் சொல்லுங்கள். மெதுவான வளர்ச்சி அப்போதுதான் பிடிபடும்.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு கிடையாது. கட்டி படத்தில் தெளிவாகத் தெரிவதற்காகப் போடும் காடோலினியம் ஊசி ஒவ்வொரு முறையும் தேவைப்படாது; சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கட்டி வளராமலே செவித்திறன் குறையலாம். எனவே ஸ்கேனோடு செவித்திறன் சோதனையும் அவசியம். முகம் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம், திடீர்க் காது மந்தம், வாந்தியோடு கடும் தலைவலி ஆகியவை வந்தால் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.