துப்பாக்கி உரிமம் யார் கையில்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் ஊரில் உரிமத்துடன் துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர், மடை திறப்பதில் வந்த தகராறின்போது அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வயலுக்கே வந்து நின்றார். பொழுது சாய்ந்தால் அவர் குடித்திருப்பார் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். இவருக்கு எப்படி உரிமம் கொடுத்தார்கள்?
– களக்காடு வாசகர்

பதில்: விண்ணப்பித்த காலத்தில் அவரிடம் குற்றம் சொல்லும்படி எதுவும் எழுத்தில் இருந்திராது, அதனால் கொடுத்திருப்பார்கள். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, விண்ணப்பம் வந்தவுடன் அருகிலுள்ள காவல் நிலையத்தின் அறிக்கையை உரிமம் வழங்கும் அதிகாரி கேட்டுப் பெற வேண்டும். விண்ணப்பதாரர் மனநலமும் உடல்நலமும் உள்ளவர், போதைப் பழக்கத்துக்கு அடிமையாகாதவர் என்ற மருத்துவச் சான்றையும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கேட்கின்றன. ஆனால் அந்தச் சான்றில் எம்.பி.பி.எஸ். மருத்துவர் ஒருவர் கையெழுத்திட்டாலே போதும், மனநல மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதில்லை. காவல் நிலைய அறிக்கை குறித்த காலத்துக்குள் வராவிட்டால், அதற்கு மேலும் காத்திராமல் ஆணை பிறப்பிக்கவும் சட்டத்தின் 13-ஆம் பிரிவு இடம் தருகிறது. விண்ணப்பித்தவரை அலையவிடக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான் என்றாலும், துப்பாக்கி விஷயத்தில் இந்தத் தளர்வை என்னால் ஏற்க முடியவில்லை.

இதைவிட என்னை வருத்துவது 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் ஒரு பகுதி. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்த அதே திருத்தம், உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டியும் விட்டது. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு மனிதர் குடியில் விழலாம், கடனில் மூழ்கலாம், பங்காளிகளோடு வெட்டுக்குத்து வரை போகலாம். புதுப்பிக்கும் நாள் வரும்வரை அவரைத் திரும்பிப் பார்க்க வேண்டிய கட்டாயம் அலுவலகத்தில் எவருக்கும் இல்லை. அவரை நாள்தோறும் பார்க்கிறவர்கள் தங்களைப் போன்ற அக்கம்பக்கத்தார் மட்டுமே என்பதால்தான், தாங்கள் பேசாமல் இருந்துவிடக் கூடாது என்று வற்புறுத்துகிறேன்.

பொது இடத்தில் துப்பாக்கியை உறைக்குள் முழுவதும் மறைத்தே எடுத்துச் செல்ல வேண்டும் என்றும், அதைக் காட்டி மிரட்டினால் உரிமம் ரத்தாகலாம் என்றும் 2016-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. உரிமதாரர் தகுதியற்றவர் என்றோ, பொது அமைதிக்கு அவசியம் என்றோ அதிகாரி கருதினால், சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி உரிமத்தை நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். எனவே திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். நாள், இடம், நேரில் கண்டவர்கள் என எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். ‘அவர் பொல்லாதவர்’ என்று பொதுவாக எழுதினால், ஊர்ப்பகை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வி: என் கணவர் துப்பாக்கி உரிமம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். அவர் கை நீட்டுகிறவர். மகளிர் காவல் நிலையத்தில் நான் கொடுத்த புகார்கள் பெரியவர்கள் பேசியதில் சமாதானமாக முடிந்துவிட்டன. விசாரிக்க வந்த காவலர் வாசலில் நின்றபடி அவரிடம் மட்டும் பேசிவிட்டுப் போய்விட்டார்.
– பாளையங்கோட்டை வாசகி

பதில்: சகோதரி, தங்கள் கடிதத்தைப் படித்தபோது மனம் பதறியது. குடும்பப் புகார்கள் பெரும்பாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்று, முதல் தகவல் அறிக்கையாகப் பதிவாகாமலே போகின்றன. ஆகவே ‘வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை’ என்று காவல் நிலையம் எழுதுவது பொய்யாகாது. ஆனால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அதில் ஒரு வரியும் இராது. துப்பாக்கி எந்த வீட்டு அலமாரியில் இருக்கப்போகிறதோ அந்த வீட்டுப் பெண்ணிடம் தனியாக ஒரு வார்த்தை கேட்காமல் எழுதப்படும் அறிக்கையை முழுமையானதாக நான் கருதவில்லை. அப்படிக் கேட்பதைக் கட்டாயமாக்கினால் அரசுக்குப் பெரிய செலவு எதுவும் வந்துவிடாது.

தண்டனை பெற்றிருந்தால்தான் உரிமத்தை மறுக்க முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். எந்தக் காரணத்தாலாவது ஒருவர் தகுதியற்றவர் என்று அதிகாரி நம்பினால் மறுக்கலாம் என்று 14-ஆம் பிரிவு கூறுகிறது. பாளையங்கோட்டை மாநகரப் பகுதியில் இருப்பதால், மாநகரக் காவல் ஆணையருக்கு சி.எஸ்.ஆர். நகல்களை இணைத்து உடனே எழுதுங்கள். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே தடுப்பது, கொடுத்ததைத் திரும்பப் பெறுவதைவிட எளிது. தங்கள் பாதுகாப்புக்கு 181 என்ற உதவி எண்ணும், 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலரும் இருக்கிறார்கள்.

கேள்வி: காட்டுப்பன்றிகள் வாழையைக் கிழங்கோடு தோண்டிப் போட்டுவிடுகின்றன. பயிரைக் காக்க எனக்கு உரிமம் கிடைக்கவில்லை. காரில் வலம் வரும் வசதி படைத்தவர்கள் கௌரவத்துக்கு வைத்திருக்கிறார்கள். இது என்ன நீதி?
– மணிமுத்தாறு விவசாயி

பதில்: தங்கள் இழப்பு உண்மையானது, கோபத்திலும் நியாயம் உண்டு. போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அப்படி மறுத்திருந்தால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் தங்கள் ஊர் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் இருக்கிறது. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய துப்பாக்கி உரிமம் வழங்க, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும் என்று 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு விதித்திருக்கிறது. ஆகவே தங்களுக்குக் கிடைக்காதது தங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு ஆகாது. உரிமமே கிடைத்தாலும், அதை வைத்துப் பன்றியைத் தங்கள் விருப்பப்படி சுட்டுவிட முடியாது. அதுவும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் விலங்குதான். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பியுங்கள். மற்றபடி, கௌரவத்துக்காகத் துப்பாக்கி என்பதை நானும் ஏற்கவில்லை. உயிருக்கு என்ன ஆபத்து, அது இன்னும் நீடிக்கிறதா என்பதை ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் புதிதாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேள்வி: அப்பா காலமாகிவிட்டார். அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி பீரோவில் இருக்கிறது. அது எனக்குத்தானே உரிமை?
– வள்ளியூர் வாசகர்

பதில்: அப்பாவின் உரிமம் அவரோடு முடிந்துவிட்டது, அது தங்களுக்குத் தானாக வராது. துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு, வேண்டுமானால், வாரிசு என்ற முறையில் தங்கள் பெயரில் விண்ணப்பியுங்கள். காவல் நிலைய விசாரணையும் மருத்துவச் சான்றும் தங்களுக்கும் முதலிலிருந்தே நடக்கும்.