வீட்டில் செய்த சோப்பை உருக்கி அச்சில் ஊற்ற முடியுமா?

கேள்வி: ஒரு வருடமாகக் கோல்டு பிராசஸ் முறையில் (எண்ணெயில் காஸ்டிக் சோடா கரைசலைக் கலந்து, வேகவைக்காமல்) வீட்டிலேயே குளியல் சோப்பு செய்கிறேன். தேங்காய் எண்ணெய் பாதி, நல்லெண்ணெய் கால், விளக்கெண்ணெய் கால். கடையில் விற்கும் மெல்ட் அண்ட் போர் பேஸ் (உருக்கி அச்சில் ஊற்றுவதற்கென்றே வரும் சோப்புக் கட்டி) போல என் சோப்பையும் உருக்கி, குழந்தைகளுக்குப் பிடித்த அச்சுகளில் ஊற்ற ஆசை. துருவி, டபுள் பாய்லரில் வைத்து இரண்டு மணி நேரம் கிளறினேன். உருகவே இல்லை. களி மாதிரி திரண்டது, கரண்டியால் அச்சில் அப்பத்தான் முடிந்தது. எங்கே தவறு செய்தேன்? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இரண்டு மணி நேரம் இல்லை, நாள் முழுக்கக் கிளறினாலும் அது களியாகத்தான் இருக்கும். 'மெல்ட்' என்ற பெயர்தான் எல்லோரையும் ஏமாற்றிவிடுகிறது. சுத்தமான சோடியம் சோப்பு நெய் உருகுவதுபோல உருகாது. அதன் உருகுநிலை 200 டிகிரிக்கும் மேலே. கடையில் வாங்கும் பேஸ் 65, 70 டிகிரியிலேயே தண்ணீர் போல ஆகிறது என்றால், அதில் இருக்கும் சோப்பு ஏற்கெனவே வேறு ஒரு திரவத்தில் கரைந்து கிடக்கிறது என்று அர்த்தம். சூடு பட்டதும் அந்தக் கரைசல் இளகுகிறது, ஆறியதும் இறுகுகிறது. அவ்வளவுதான்.

அந்தக் கரைசலைப் பிடித்து வைத்திருப்பவை புரொப்பிலீன் கிளைகால், கிளிசரின், சர்க்கரை அல்லது சார்பிட்டால், கொஞ்சம் தண்ணீர். கடை பேஸில் சோப்பு பாதிக்கும் குறைவாக இருப்பது சகஜம். பல பேஸ்களில் நுரைக்காக எஸ்எல்இஎஸ் என்ற செயற்கை நுரைப்பொருளைச் சேர்ப்பதும் உண்டு. உங்கள் சோப்பிலும் கிளிசரின் இருக்கிறது. 100 கிராம் எண்ணெய் சோப்பாக மாறும்போது 10 முதல் 14 கிராம் கிளிசரின் தானாகவே உண்டாகி உள்ளேயே தங்கிவிடும். ஆனால் அந்த அளவு போதாது.

சமையலறையிலேயே இதற்கு ஒரு ஒப்புமை இருக்கிறது. சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது பூத்துப்போகாமல் இருக்க எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுகிறோம். சர்க்கரை மறுபடி படிகமாகச் சேராமல் அது தடுக்கிறது. சோப்பும் படிகமாகச் சேரும் பொருள்தான். கோல்டு பிராசஸ் கட்டி வெள்ளையாக, ஒளி புகாமல் இருப்பதற்கு அந்தப் படிகங்களே காரணம். கிளைகாலும் சர்க்கரையும் அவற்றைச் சேரவிடாமல் தடுக்கின்றன. விளக்கெண்ணெயும் இதே வேலையைச் செய்யும். அதில் 85 சதவீதத்துக்கு மேல் இருக்கும் ரிசினோலியிக் அமிலத்தின் சங்கிலி நடுவில் ஒரு ஹைட்ராக்சில் துருத்திக்கொண்டு நிற்பதால், மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கிக்கொள்ள முடிவதில்லை. நீங்கள் கால் பங்கு விளக்கெண்ணெய் சேர்த்திருப்பது நல்லது. இந்த வேலைக்கு அது பாதி வழி வந்த மாதிரி.

லண்டன் சோஹோவில் முடி திருத்தகம் வைத்திருந்த ஆண்ட்ரூ பியர்ஸ் 1807-இல் கொண்டுவந்த கண்ணாடி சோப்பும் இந்தத் தத்துவம்தான். அவர் சோப்பை ஆல்கஹாலில் கரைத்தார். இணையத்தில் பார்த்துவிட்டு நீங்களும் ஸ்பிரிட் தேடிப் போகக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். ரெக்டிஃபைட் ஸ்பிரிட்டை உரிமம் இல்லாமல் வாங்க முடியாது. ஹார்டுவேர் கடை ஸ்பிரிட்டில் மெத்தனால் கலந்திருக்கலாம், அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகிற விஷம். எல்லாவற்றுக்கும் மேலே, கேஸ் அடுப்பு எரியும் சமையலறையில் சூடான ஸ்பிரிட்டின் ஆவி பரவினால் ஒரு நொடியில் தீ பிடிக்கும். கிளைகால் இருக்கும்போது ஸ்பிரிட் நமக்குத் தேவையே இல்லை.

சரி, கையில் இருக்கும் சோப்பை என்ன செய்யலாம்? 500 கிராம் சோப்பை மெல்லிதாகத் துருவுங்கள். ஒரு மாதம் உலர்ந்த கட்டியாக இருந்தால் அளவு கணக்கு சரியாக வரும். எவர்சில்வர் பாத்திரத்தில் 150 கிராம் புரொப்பிலீன் கிளைகாலும் 100 கிராம் கிளிசரினும் ஊற்றி, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, சூடேறியதும் துருவலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நேரடித் தீயில் வேண்டாம். மூடி வைத்து, அவ்வப்போது மட்டும் மெதுவாகக் கிளறுங்கள். அடித்துக் கிளறினால் நுரை உள்ளே சிக்கிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். அதன் பிறகு 100 கிராம் சர்க்கரையை 100 கிராம் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, சூடாக ஊற்றுங்கள். இன்னும் கட்டிகள் தெரிந்தால் 50 கிராம் வரை கிளைகால் கூட்டலாம். அடுப்பை அணைத்து, மூடியபடியே கால் மணி நேரம் விட்டால் நுரை மேலே ஏறி நிற்கும். அதை வழித்துவிட்டு ஊற்றுங்கள்.

இதில் கிடைப்பது நிஜமாகவே ஊற்றக்கூடிய பேஸ்தான், ஆனால் கண்ணாடி மாதிரி இருக்காது. தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று எல்லோரும் 5 சதவீதமாவது எண்ணெயைக் கூடுதலாக விடுகிறோம் அல்லவா, சோப்பாக மாறாத அந்த எண்ணெய் பேஸைக் கலங்கலாக்கும். அதோடு, உங்கள் கலவையில் நல்லெண்ணெய் கால் பங்கு இருப்பதால் கட்டி கொஞ்சம் இளக்கமாகவே நிற்கும். பேஸுக்கு இறுக்கம் கொடுப்பது சோடியம் ஸ்டியரேட். நல்லெண்ணெயில் அதற்கான ஸ்டியரிக் அமிலம் குறைவு. குழந்தைகளின் பூ அச்சு, மீன் அச்சுக்கு இது போதும். தெளிவாக, கெட்டியாக வேண்டுமென்றால் பழைய சோப்பைக் கரைப்பதை விட்டுவிட்டு, பேஸையே புதிதாகச் செய்வதுதான் சரி. இதுதான் என் சிபாரிசும்.

அதற்கான அளவு: தேங்காய் எண்ணெய் 150 கிராம், விளக்கெண்ணெய் 150 கிராம், ஸ்டியரிக் ஆசிட் 100 கிராம். காஸ்டிக் சோடா கணக்கு இப்படி வரும். தேங்காய் எண்ணெய்க்கு கிராமுக்கு 0.183, ஆக 27.5. விளக்கெண்ணெய்க்கு 0.128, ஆக 19.2. ஸ்டியரிக் ஆசிடுக்கு 0.141, ஆக 14.1. கூட்டினால் 60.8. நான் 60 கிராம் போடுவேன். எண்ணெய் மிஞ்சட்டும் என்று காஸ்டிக்கில் வழக்கமாகக் குறைக்கும் 5 சதவீதத்தை இங்கே குறைக்கக்கூடாது, கலங்கிவிடும். அதனால் ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசு கட்டாயம் வேண்டும். எண்ணெயை மாற்றினால் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும்.

120 கிராம் டிஸ்டில்டு வாட்டரில் காஸ்டிக் சோடாவைப் போட்டுக் கரையுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல் மூன்றும் இல்லாமல் தொடங்க வேண்டாம். அலுமினியப் பாத்திரம் பக்கமே வரக்கூடாது. காஸ்டிக் அதைத் தின்று ஹைட்ரஜனை வெளியேற்றும். கையில் பட்டுவிட்டால் வினிகர் தேடி ஓடாமல், குழாயைத் திறந்து கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

எண்ணெய்களையும் ஸ்டியரிக் ஆசிடையும் 75 டிகிரி சூட்டில் ஒன்றாக உருக்குங்கள். அதிலேயே 200 கிராம் கிளைகாலைக் கலந்துவிடுங்கள். இந்த இடம் முக்கியம். ஸ்டியரிக் ஆசிட் காஸ்டிக்கைத் தொட்ட நொடியே சோப்பாகிக் கல்லாக இறுகும். கிளைகால் முன்பே இருந்தால் இறுகியது கரைந்து இளகிவிடும். காஸ்டிக் கரைசலை நூல் போல ஊற்றிக் கிளறுங்கள். பொங்கும், அதனால் பாத்திரம் கலவையைப் போல மூன்று மடங்கு பெரிதாக இருக்கட்டும். நடுவில் கட்டி கட்டியாகி, கெட்டுப்போய்விட்டதோ என்று பயம் வரும். மூடி போட்டு, கொதிநீரின் மேல் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். மஞ்சள் கலந்த தேன் நிறத்தில் தெளியத் தொடங்கும்.

காஸ்டிக் மிச்சம் இருக்கிறதா என்று இப்போது பார்க்க வேண்டும். சிலர் மஞ்சள் தண்ணீரில் சோதிக்கச் சொல்கிறார்கள். சட்டையில் பட்ட மஞ்சள் கறை சோப்பு போட்டதும் சிவப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், நல்ல சோப்பிலும் மஞ்சள் சிவக்கத்தான் செய்யும். ஆகவே இந்தச் சோதனையால் பயனில்லை. காரம் இருந்தால் ரோஜா நிறமாகும் பினாப்தலீன் கரைசலை சோப்பின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நிறமில்லாமலோ வெளிர் ரோஜாவாகவோ இருந்தால் நல்லது. பளிச்சென்ற ரோஜா நிறம் வந்தால் இன்னும் அரை மணி நேரம் வேகவிடுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் ஸ்டியரிக் ஆசிடை 2 கிராம் வீதம் உருக்கிச் சேர்த்து மறுபடி பாருங்கள். நாக்கில் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

சோதனையில் தேறிய பிறகே 100 கிராம் கிளிசரினும், 80 கிராம் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்த 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையும் உள்ளே போக வேண்டும். முந்தினால் காஸ்டிக் பட்டு சர்க்கரை பழுப்பாகும். ஒருமுறை இயற்கையாக இருக்கட்டும் என்று கரும்பு வெல்லம் போட்டேன். ஒரு கிலோ பேஸும் டிகாக்ஷன் நிறத்துக்குப் போனது. தேனும் அப்படித்தான் செய்யும்.

பிறகு குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் ஒரு சொட்டு விட்டு ஆறவிடுங்கள். தெளிவாக, விரலில் ஒட்டாமல் இறுகினால் ஊற்றலாம். நடுவில் வெள்ளை பூத்தால் கரைப்பான் குறைவு, 20 கிராம் கிளைகால் சேருங்கள். ஜெல்லி மாதிரி தளதளத்தால் தண்ணீர் அதிகம், மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் சூட்டில் வையுங்கள். முழுக்கப் பால் போல இருந்தால் எண்ணெய் மிச்சம், அல்லது தண்ணீரில் உப்பு. போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாக மாறிவிடும். உப்புத் தண்ணீரில் குளித்தால் பக்கெட்டில் படிகிற வெள்ளை ஏடும் அதுதான். டிஸ்டில்டு வாட்டரை நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

இதில் செலவு மிச்சமாகுமா என்றால், ஆகாது. கிளைகாலையும் கிளிசரினையும் மருந்துத் தரத்தில், ஐபி (இந்திய மருந்துத் தர நூலான இந்தியன் ஃபார்மகோபியா) என்று அச்சிட்ட பாட்டிலாகப் பார்த்து வாங்க வேண்டும். தொழிற்சாலைத் தரம் மலிவாகக் கிடைக்கிறது என்று குழந்தைகள் தேய்த்துக் குளிக்கிற சோப்பில் ஊற்றாதீர்கள். எஸ்எல்இஎஸ் இல்லாமல், என்ன சேர்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குச் சொல்ல முடிகிற பேஸ் வேண்டும் என்பவருக்கே இந்த மெனக்கெடல்.

மறுபடி உருக்கும்போது 75 டிகிரிக்கு மேல் போகாமல், மூடி வைத்து உருக்குங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் கொஞ்சம் ஆவியாகும், அதனால் மூன்றாவது தடவைக்கு ஒரு ஸ்பூன் டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டியிருக்கும். பச்சைக் கற்றாழை, பால், பழச்சாறு எதையும் கலக்காதீர்கள், அந்த ஈரத்தில் கெட்டுப்போகும். அப்புறம், கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதால் ஐப்பசி, கார்த்திகையில் சோப்பு முத்து முத்தாக வியர்க்கும். கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். அச்சிலிருந்து எடுத்ததும் கிளிங் ஃபிலிமில் இறுக்கிச் சுற்றிவிடுங்கள்.

முதல் முறை 500 கிராமைக் கரைக்காமல், மீதமிருக்கும் கட்டிகளில் ஒன்றை மட்டும் எடுத்து, 100 கிராம் துருவலுக்கு 30 கிராம் கிளைகால், மற்றவை 20 கிராம் வீதம் என்று செய்துபாருங்கள். ஏற்கெனவே களியாகிப் போனதையும் எறிய வேண்டாம். அச்சில் இரண்டு வாரம் உலரட்டும், குளிக்க நன்றாகவே இருக்கும்.