இடுப்பு ரத்தக்குழாய் வீக்கம்: கேட்டவர்களுக்குப் பதில்

குன்னூரிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு வயது 68, தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரி. வலது இலியாக் தமனி, அதாவது இடுப்பு ரத்தக்குழாய், 4.1 செ.மீ. அகலத்துக்கு வீங்கியிருக்கிறது. அதன் உள்கிளையைக் காயில் (coil) என்ற சிறு கம்பிச்சுருள் வைத்து அடைத்துவிட்டு ஸ்டென்ட் போடலாம் என்கிறார்கள். செய்யலாமா, டாக்டர்?

வீக்கத்தைச் சரிசெய்ய வேண்டும் அம்மா, அதில் சந்தேகமில்லை. 3.5 முதல் 4 செ.மீ. வந்தாலே நாங்கள் யோசிக்கத் தொடங்குவோம். உள்கிளையை அடைப்பதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

இலியாக் தமனி இடுப்பில் இரண்டாகப் பிரிகிறது. வெளிக்கிளை காலுக்குப் போகிறது. உள்கிளை பிட்டத்துக்கும் இடுப்புக்குள் இருக்கும் உறுப்புகளுக்கும் போகிறது. வீக்கம் அந்தப் பிரிவு வரை வந்துவிட்டால் ஸ்டென்டை, அதாவது வீக்கத்துக்குள் ரத்தம் போகாமல் தடுக்கும் உறை போட்ட குழாயை, வெளிக்கிளைக்குள் இறக்கித்தான் பிடிக்க வைக்க முடியும். உள்கிளையைத் திறந்தபடி விட்டால் அதன் வழியாக ரத்தம் பின்னோக்கி வந்து வீக்கத்தை நிரப்பும். காயில் வைப்பது அதைத் தடுக்கத்தான்.

ஆனால் அடைத்த பிறகு பலருக்கு நடக்கும்போது பிட்டம் பிடித்துக்கொள்ளும், நின்றால் விடும். மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்கு நிலைத்துவிடும். ஆண்களுக்கு விறைப்பும் குறையலாம். சமவெளியில் கடைத்தெரு வரை நடப்பவர் சமாளித்துவிடுவார். உங்கள் அப்பா நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குபவர். அதனால் கிளை வைத்த ஸ்டென்ட் பொருந்துமா என்று கட்டாயம் கேளுங்கள். அதன் பக்கவாட்டுக் குழாய் வழியாக உள்கிளைக்குள் இன்னொரு சிறு ஸ்டென்டைச் செருகி, இரண்டு பக்கமும் ரத்தம் ஓடவிடுவார்கள். உள்கிளையே வீங்கியிருந்தாலோ, குழாய் மிகவும் வளைந்திருந்தாலோ சிரமம். அதை ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனான சி.டி. ஆஞ்சியோவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கூடலூர் வாசகர்: எனக்கு ஒரு பக்கம் அடைத்து இரண்டு வருடமாகிறது, ஒரு தொந்தரவும் இல்லை. ஏன் வீண் செலவு வைக்கிறீர்கள்?

கோத்தகிரி வாசகர்: எங்கள் மாமாவுக்கும் ஒரு பக்கம்தான் அடைத்தார்கள். பஸ் ஸ்டாண்ட் ஏற்றத்தில் மூன்று இடத்தில் நிற்கிறார். அவரிடம் போய் வீண் செலவு என்று சொல்லுங்கள்.

இருவர் சொல்வதும் உண்மை. எதிர்ப்பக்க உள்கிளையும் தொடையின் ஆழ்தமனியும் நன்றாக இருந்தால் மாற்றுவழியில் ரத்தம் வந்து சேரும். யாருக்குப் போதும், யாருக்குப் போதாது என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. கூடலூர் நண்பரே, உங்களுக்கு நன்றாக அமைந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் உங்கள் உடம்பை வைத்து அந்த மேஸ்திரிக்கு முடிவு சொல்லாதீர்கள். இரண்டு பக்கமும் வீங்கியிருந்தால் ஒரு உள்கிளையையாவது காப்பாற்றியே ஆக வேண்டும். இரண்டையும் அடைத்தால், அரிதாக என்றாலும், பெருங்குடலும் தண்டுவடமும் பாதிக்கப்படலாம்.

மாத்திரையில் வீக்கம் கரையுமா?

கரையாது. பீடி, சிகரெட்டை இன்றே விடுங்கள்.

கஷாயத்தில்?

கரையாது என்று இப்போதுதான் சொன்னேன். பீடியை விடுங்கள்.

முழங்கால் வலிக்கு இது உதவுமா?

எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்டென்ட் போட்டால் அதோடு முடிந்ததா?

இல்லை. வீக்கத்துக்குள் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று ஆயுள் முழுக்க ஸ்கேன் பார்க்க வேண்டும். வீக்கம் இருப்பவருக்குத் திடீரென அடிவயிறோ இடுப்போ கடுமையாக வலித்து மயக்கம் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கோயம்புத்தூர் போய்ச் சேர மலைப்பாதையே நேரத்தைத் தின்றுவிடும்.