உலகப் போர்க் காலத்து இராணுவக் கைத்துப்பாக்கிகளைச் சேகரிக்க ஆசை. இலங்கை மலையகத்தில் இருந்துகொண்டு அது முடியுமா? எதில் தொடங்குவது?

துப்பாக்கியைச் செருகி இடுப்பில் கட்டும் உறையில் தொடங்குங்கள். இருபது வருடமாகச் சேர்க்கிறேன். என் வீட்டில் தோல் உறை, கன்வஸ் உறை, இடுப்புவார், கழுத்துக் கயிறு எல்லாம் இருக்கின்றன. துப்பாக்கி ஒன்றுகூட இல்லை, வாங்கப் போவதும் இல்லை.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி குற்றம். பத்திரம் கிடைத்தாலும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் பாதுகாப்பு அமைச்சு வரை போக வேண்டும். சேகரிக்க ஆசை என்று எழுதிக்கொடுத்து வாங்குகிற சாமான் அல்ல அது. "பழசுதானே, இனி வெடிக்காது" என்று நாமாக முடிவு செய்து அலுமாரியில் வைக்கவும் முடியாது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், லயத்துக்கு லயம் தேடுதல் நடந்த காலத்தைப் பார்த்த எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

என் கதை இப்படி. தாத்தா தோட்டத் துரையின் பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக, இருந்தார். எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரிய துரை தன் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது தாத்தாவுக்கு ஒரு ட்ரங்குப் பெட்டியைக் கொடுத்தார். அதில் கிழிந்த மழைக்கோட்டு, இரண்டு பித்தளைப் பொத்தான், மூடியோடு ஒரு பழுப்புத் தோல் உறை. தாத்தா இறந்த பிறகுதான் அது என் கைக்கு வந்தது.

உறைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ரிவால்வர் வருடக்கணக்காக இருந்த உறை என்றால், தோட்டாச் சக்கரம் உட்கார்ந்த இடம் வட்டமாகப் புடைத்திருக்கும். குழல்வாய் உரசிய அடிப்பகுதி கறுத்துப் பளபளக்கும். எங்கள் உறையின் மூடியில் ஓரிடத்தில் மட்டும் தோல் மெழுகுபோல வழவழக்கிறது. சனிக்கிழமை தோறும் தாத்தா அதைப் பொலிஷ் போட்டுத் துடைத்தாராம், அம்மா சொல்லியிருக்கிறார். தாத்தாவின் கட்டைவிரல் போய்ப் போய் வந்த தடம் அது என்றே நினைக்கிறேன்.

அந்தத் துரை, தோட்டத் துரைமாருக்கென்றே இருந்த சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் படையில் இருந்தவர். 1900இல் தொடங்கி, கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த படை அது. 1914 ஒக்டோபரில் அதிலிருந்து 200க்கு மேற்பட்ட துரைமார் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். முதல் உலகப் போரில், துருக்கியின் கலிப்போலியில், அன்சாக் படைத் தளபதி ஜெனரல் பேர்ட்வுட்டுக்குக் காவலாக நின்றார்கள். அந்தப் படையை 1949இல் கலைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அதில் இடமே இல்லை. துப்பாக்கி என்றால் எங்கள் ஞாபகம் வேறு: 1940 சனவரியில், வேலைநிறுத்தத்தின்போது முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் இறந்த தொழிலாளி கோவிந்தன். இரண்டும் ஒரே மலையின் சரித்திரம். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நான் இவற்றைச் சேர்க்கிறேன்.

இனி, கையில் கிடைக்கும் உறையை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். முதலில் அளவுநாடாவை எடுங்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவம் வைத்திருந்த வெப்ளி மார்க் 6 ரிவால்வர் 1915இல் வந்தது: .455 தோட்டா, 6 அங்குலக் குழல், மொத்தம் 11¼ அங்குலம், எடை ஒரு கிலோவுக்கு மேல். இரண்டாம் போரின் என்பீல்ட் இரண்டாம் இலக்க ரிவால்வருக்கு .38 தோட்டா, குழல் 5 அங்குலம், மொத்தம் 10¼. ஆக, உறையின் நீளமே எந்தப் போர் என்று பாதி சொல்லிவிடும். தோலா கன்வஸா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அதிகாரிகள் இரண்டாம் போரிலும் தோல் உறை கட்டினார்கள்.

கன்வஸ் உறை பெரும்பாலும் பிரிட்டிஷ் இராணுவத்தின் 1937ஆம் ஆண்டு மாதிரி. மூடியைத் தூக்கி உள்பக்கம் பாருங்கள். மையில் குத்திய செய்தவர் பெயர், வருடம், காக்கைக் கால் போல ஓர் அம்புக்குறி இருக்கும். அம்பு என்றால் பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், இராணுவம் கழித்து விற்ற பொருள். முன்பக்கம் ஆறு தோட்டா செருகும் வளையங்களும் தொடையில் கட்டும் நீண்ட வாரும் இருந்தால் விடாதீர்கள், டாங்கிப் படைக்காரர்களின் உறை அது. அவர்களுக்காகவே 1938இல் என்பீல்ட்டின் சுத்தியல் கொம்பை, அதாவது கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்கும் நீட்சியை, வெட்டி எடுத்தார்கள், டாங்கிக்குள் எதிலாவது மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று.

போலி நிறைய வருகிறது. 1915 என்று குத்திய புத்தம்புது உறைகளைத் தேநீர்ச் சாயத்தில் ஊறவைத்து விற்கிறார்கள். சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. முலாம் பூசிய இரும்பில் ஒட்டிவிடும். தையலையும் பாருங்கள். உறை கிழடாகவும் நூல் இளசாகவும் இருந்தால் வேண்டாம்.

நான் செய்த பெரிய தவறு ஒன்று. தாத்தாவின் உறை காய்ந்து கிடக்கிறதே என்று தேங்காயெண்ணெய் தேய்த்தேன். ஒரு மாரி முடிவதற்குள் தோல் கறுத்து, பூஞ்சணம் பிடித்து, அடித்தையல் மூன்று அங்குலம் விட்டுப்போனது. இன்றும் அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஹட்டன் பக்கத்து ஈரத்தில் தோலுக்கு எண்ணெயும் வேண்டாம், பிளாஸ்டிக் பையும் வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி, உள்ளே கடதாசி திணித்து, காற்றோட்டமான தட்டில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பித்தளைப் பொத்தானைச் சுற்றி வரும் பச்சைக் களிம்பை ஈர்க்குக் குச்சியால் மெதுவாக நெம்பினால் போதும். பித்தளையைப் பளபளப்பாக்காதீர்கள், எண்பது வருடம் ஏறிய நிறம் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

உறை தேடிப் போகிறவனுக்கு ஒருநாள் துப்பாக்கியும் நீட்டப்படும். எனக்கும் நடந்தது. ஒரு பழைய சாமான் கடையின் பின்னறையில், துவாயில் சுற்றிய ஒரு வெப்ளி. ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். கையால் தொடாமல் வெளியே வந்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பரணிலேயே ஒன்று அகப்பட்டால், விசையை இழுத்துப் பார்ப்பது, மடித்துத் திறப்பது எதுவும் கூடாது. பழைய தோட்டா உள்ளே இருக்கலாம். கிடந்த இடத்திலேயே விட்டு, ஒரு சட்டத்தரணியிடம் பேசி, அவரோடு பொலிஸுக்குப் போங்கள்.

கடைசியாக, தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம்: எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார், அவர் என்ன சொன்னார். என் கொப்பியின் முதல் பக்கத்தில் பாதி வெற்றிடம், தாத்தாவிடம் கேட்காமல் விட்டதெல்லாம். உங்கள் பக்கம் பங்களாவில் வேலை செய்த பெரியவர்கள் யாராவது இன்னும் இருந்தால், கடைக்குப் போவதற்கு முன் அவர்களிடம் போய் உட்காருங்கள்.