குடிநீர் வாரியத்தின் தலைமை அதிகாரிக்கு என்ன வேலை?

சென்னைக் குடிநீர் வாரியத்தின் மேலாண்மை இயக்குநர் அப்படி என்னதான் செய்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

1978-இல் தொடங்கிய வாரியம் இது. துறை அமைச்சர் தலைவர். அன்றாட நிர்வாகம் ஐ.ஏ.எஸ். அதிகாரியான மேலாண்மை இயக்குநரிடம். ஏரிகள் நிரம்பிய ஆண்டில் அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது எல்லார் கண்ணும் அவர்மேல்தான்.

ஆனால் குடிநீரைவிடக் கழிவுநீர்தான் பெரிய தலைவலி என்பேன். தண்ணீர் சில மணி நேரம் மட்டுமே வரும் தெருக்களில், விநியோகம் நின்றதும் குழாயில் அழுத்தம் குறையும். பக்கத்தில் கசியும் சாக்கடை நீர் விரிசல் வழியே உள்ளே புகும். மறுநாள் காலை குடத்தில் கலங்கலும் நாற்றமும். விரிசல் எங்கே என்று தேடித் தெருவையே தோண்ட வேண்டியிருக்கும். (தோண்டிய பள்ளத்தை மூடுவது தனிக் கதை.) குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் இரண்டும் ஒரே வாரியத்திடம் இருப்பதால், பழியை இன்னொரு துறையின் தலையில் கட்ட வழியில்லை.

அதே கழிவுநீரால் வருமானமும் உண்டு. கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் அதை எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் சுத்திகரிக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகள் வாங்கிக்கொள்கின்றன. அந்த அளவுக்கு ஏரி நீர் வீடுகளுக்கு மிஞ்சுகிறது.