மூவாயிரம் மணி நேரம்: குடும்பநல ஆலோசகர் உரிமம்

கே: சென்னையில் எம்.எஸ்சி. உளவியல் முடித்தேன். கணவரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே திருமண, குடும்பநல ஆலோசகராக முடியுமா?
- வாசகி, சான் ஹோசே

ப: முடியும். ஆனால் உங்கள் எம்.எஸ்சி. மட்டும் பெரும்பாலும் போதாது. மாநில வாரியம் கேட்பது இத்துறைக்கான 60 செமஸ்டர் யூனிட் முதுகலை. நேரடிப் பயிற்சியும் அதற்குள் அடக்கம்.

பட்டம் வாங்கியதும் அசோசியேட்டாக, அதாவது மேற்பார்வையில் வேலை பார்க்கும் பயிற்சி ஆலோசகராக, வாரியத்தில் பதிவு செய்யுங்கள். 90 நாளுக்குள் விண்ணப்பித்தால்தான் பதிவெண் வருவதற்கு முந்தைய பயிற்சி மணிகளும் கணக்கில் சேர வழியுண்டு. பலர் கோட்டைவிடும் இடம் இது. உரிமத்துக்கு மேற்பார்வையில் மொத்தம் 3,000 மணி வேலை, குறைந்தது 104 வாரம். அதில் 1,750 நேரடி ஆலோசனை. அதற்குள் 500 மணி தம்பதியர், குடும்பங்கள், குழந்தைகளோடு. தனியாட்களை மட்டுமே பார்க்கும் மையத்தில் சேர்ந்தால் இந்த 500 நிரம்பாமல் இழுத்தடிக்கும். வேலைக்குச் சேருமுன் கேட்டுவிடுங்கள்.

மணிக்கணக்குத் தாளில் வாராவாரம் மேற்பார்வையாளரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அவர் வேலையை விட்டுப் போனபின் தேடி அலைவது பெரும்பாடு. சட்டம்-நெறிமுறைத் தேர்வு, பிறகு ஆலோசனைத் திறனைச் சோதிக்கும் கிளினிக்கல் தேர்வு. இரண்டும் தேறினால் உரிமம்.

படிக்க எச்-4 போதும், சம்பளத்துக்கு வேலை அனுமதி அட்டை தேவை. பொதுவாகக் கணவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் போடும் மனு) ஏற்கப்பட்ட பிறகே அது கிடைக்கும். கல்லூரிக் கட்டணம் கட்டுமுன் இதைத் தயவுசெய்து உறுதிசெய்யுங்கள்.

அசோசியேட்டாக இருக்கும்வரை தனிக் கிளினிக் வைக்கக் கூடாது. பள்ளி, மருத்துவமனை, சமூகநல மையங்களில் வேலை உண்டு.