ஒரே கிண்ணத்தோடு நிறுத்தாதீர்கள்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக ஜப்பானின் ஃபுகுவோகா வந்து ஒரு மாதம் ஆகிறது. ராமென் என்ற நூடுல்ஸ் சூப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த ஆசையில் இதே ஊரின் ஹகாட்டா பகுதியில் ஒரு கடைக்குப் போனேன். வாசலிலேயே பன்றி எலும்பு வேகும் வாடை. வெள்ளை வெளேரென்று ஒரு சூப், அதில் ஒரு பிடி மெல்லிய நூடுல்ஸ். சூப் திகட்டியது, வயிறோ பாதிகூட நிரம்பவில்லை. இதற்குத்தானா இத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்? அடுத்த மாதம் சப்போரோவுக்கும் டோக்கியோவுக்கும் போகிறேன். அங்கும் இதேதான் என்றால் ராமெனை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

ஒரு வாசகர், ஃபுகுவோகா

அன்புள்ள நண்பருக்கு,

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நீங்கள் சாப்பிட்டது தொன்கொத்சு, கியூஷு தீவின் ருசி. பன்றி எலும்பைப் பல மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மஜ்ஜையும் கொழுப்பும் நீரோடு கலந்து பால்போல் வெளுக்கும்வரை காய்ச்சுவார்கள். ஊருக்கேற்ற சூப், சூப்புக்கேற்ற நூடுல்ஸ் என்றுதான் ராமென் வளர்ந்திருக்கிறது. ஒரு ஊரில் சாப்பிட்டதை வைத்து இன்னொரு ஊரை எடைபோட முடியாது.

நூடுல்ஸ் குறைவாக இருந்ததற்கும் காரணம் உண்டு. அந்த மெல்லிய இழை சீக்கிரம் வெந்துவிடும். அதே வேகத்தில் சூட்டில் குழைந்தும் போகும். ஃபுகுவோகாவின் நாகஹாமா மீன் சந்தைத் தொழிலாளிகளுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. அவர்களுக்காகக் கொஞ்சமாகப் போட்டு, தீர்ந்ததும் மீந்த சூப்பில் இன்னொரு பிடியைச் சுடச்சுடப் போடும் வழக்கம் வந்தது. அதன் பெயர் காயேதாமா. சூப்பை மட்டும் முதலிலேயே குடித்துத் தீர்த்துவிடக் கூடாது.

சப்போரோவில் மிசோ ராமென் கேளுங்கள். மிசோ என்பது புளிக்கவைத்த சோயா விழுது. இந்த ராமென் 1950களில் அந்த ஊரில் பிறந்தது. சமையல்காரருக்கு எதிரே இடம் கிடைத்தால் விடாதீர்கள்: முளைப்பயறு வாணலியில் சடசடவென்று வதங்கும், அதன்மேல் சூப் விழும்போது மிசோ மணம் முகத்தில் அறையும். ஆனால் கிண்ணம் உங்கள் முன்னால் வரும்போது ஆவியே தெரியாது. ஆறிவிட்டது என்று நம்பி ஒரு மடக்கு குடித்தேன். இரண்டு நாள் நாக்கு மரத்துக் கிடந்தது. மேலே மிதக்கும் பன்றிக் கொழுப்பு மூடிபோட்டதுபோல் சூட்டை உள்ளேயே பிடித்து வைத்திருக்கிறது. பனி கொட்டும் ஊருக்கு அது வேண்டும். நூடுல்ஸும் தடித்துச் சுருண்டிருக்கும். சோடா உப்பின் இனமான கான்சுய் மாவுக்குத் தரும் இழுவை என்னவென்று அங்கே பல்லுக்குத் தெரியும்.

டோக்கியோவில் கோழிச் சூப்பும் சோயா சாஸும் சேர்ந்த ஷோயு ராமென் எங்கும் கிடைக்கும். நான் சொல்ல விரும்புவது த்சுகேமென். கடை ஊழியர்கள் மிஞ்சிய நூடுல்ஸைச் சூப்பில் தோய்த்துச் சாப்பிட்டதைத் தைஷோகென் கடையின் யமகிஷி கஸுவோ 1955இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். குளிர்ந்த நீரில் அலசிய நூடுல்ஸ் தனியாக வரும், சுண்டக் காய்ச்சியதுபோல் அடர்த்தியான சூப் தனியாக வரும். தோய்த்துத் தின்று முடித்ததும் 'சூப் வாரி' என்று கேளுங்கள். மீந்ததில் சூடான சூப் ஊற்றி இளக்கித் தருவார்கள். அதுவரை உப்புக்கு அடியில் மறைந்திருந்த சுவையெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

புறப்பட இன்னும் நாள் இருக்கிறதல்லவா? அதற்குள் அதே ஹகாட்டா கடைக்கு இன்னொரு முறை போங்கள். 'காத்தா' என்று சொன்னால் நூடுல்ஸ் சற்று விறைப்பாக வரும். மேசையில் சிவப்பு இஞ்சி ஊறுகாய் இருந்தால் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள், திகட்டல் அடங்கும். பிறகு காயேதாமா கேளுங்கள்.